முதலில் காற்று; பிறகு கம்பளம்!

நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை போகும் வண்டியை, அது எந்தக் கம்பெனியில் பிறந்திருந்தாலும், 'ஜீப்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு காலத்தில் அது தாசில்தாருக்கும், போலீஸ் அதிகாரிக்கும், தேயிலைத் தோட்டத்து மானேஜருக்கும் உரிய வாகனமாக இருந்தது. இன்று அப்படியில்லை. சம்பளம் வாங்கும் இளைஞர்களும், கடை வைத்திருப்பவர்களும், குடும்பஸ்தர்களும் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். சனிக்கிழமை பிறந்தால் மலைக்கும், காட்டோரத்துக்கும், கடற்கரை மணலுக்கும் புறப்பட்டுவிடுகிறார்கள். இது நல்ல ஆசைதான். குறை சொல்வதற்கில்லை.

ஆனால், வண்டி வீட்டுக்கு வந்த மறுவாரமே அது ஒரு பட்டறைக்குப் போகிறது. அங்கே முதலில் நடப்பது என்ன? தரைக்குப் புதுக் கார்ப்பெட். சீட்டுக்குப் புது உறை. இரவைப் பகலாக்கும் விளக்கு வரிசை. எல்லாம் முடிந்து பணம் மிஞ்சினால்தான், "ஒரு காற்று கம்ப்ரஸர் வைத்துக்கொள்ளலாமா?" என்ற யோசனை வருகிறது. பெரும்பாலும் பணம் மிஞ்சுவதில்லை.

இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. ஜீப் வகை வண்டிக்கு முதலில் வேண்டியது காற்று. அடுத்து வேண்டியது துருவில்லாத தரைத் தகடு. கம்பளம் மூன்றாவதாகத்தான் வரவேண்டும். ருசியைப் பற்றிய பேச்சல்ல இது. உயிரைப் பற்றிய பேச்சு. ஏன் என்று விவரமாகப் பார்ப்போம்.

வண்டியைத் தாங்குவது எது?

ரப்பர்தான் வண்டியைத் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ரப்பர் வெறும் பை. தாங்குவது அதற்குள் அடைபட்டிருக்கும் காற்று. 1845-ல் ராபர்ட் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த டயருக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். அதை யாரும் சீந்தவில்லை. 1888-ல் பெல்பாஸ்ட் நகரத்தில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். அன்று முதல் உலகமே காற்றின் மேல் ஓடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சக்கரத்தின் மேல் ஆயிரம் பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ, பாரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டயரில் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு காற்று இருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 31 சதுர அங்குலம். காற்றை 16 பவுண்டாகக் குறைத்தால் அதே டயர் தன் பாதத்தை விரித்து, ஏறத்தாழ 62 சதுர அங்குலம் தரையில் ஊன்றி நிற்கும். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் பாரத்தைத் தாங்குவதால் கணக்கு முன்பின்னாகலாம். ஆனால் உண்மை இதுதான்: காற்றைக் குறைத்தால் பாதம் பெரிதாகும், பாதம் பெரிதானால் மணலில் புதையாது. பாலைவனத்து ஒட்டகத்துக்கு இயற்கை அகன்ற பாதம் கொடுத்திருக்கிறதே, அதே தத்துவம்தான்.

நான்கு சக்கரங்களும் சுழலும் என்ற தைரியத்தில், ரோட்டுக்கு அடித்த காற்றோடு அப்படியே மணலில் இறங்குகிறவர்கள் அச்சு வரை புதைவதைக் கடற்கரையில் பார்க்கலாம். நான்கு சக்கரங்கள் சுழன்றால் நான்கு குழிகள் விழும், அவ்வளவுதான் லாபம்.

பாலைவனம் கற்பித்த பாடம்

இந்த ரகசியத்தைச் செயலில் காட்டியவர்களில் ரால்ப் பாக்னால்டு என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளரை மறக்கக்கூடாது. 1920-களில் எகிப்தில் வேலை பார்த்தபோது, லீவு நாட்களில் நண்பர்களோடு சாதாரண போர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் புகுந்து வந்தார். கார் நுழைய முடியாது என்று மற்றவர்கள் கைவிட்ட மணல் மேடுகளில், டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டு ஏறினார். அவருடைய அனுபவம் வீண் போகவில்லை. 1940-ல் அதே பாலைவனத்தில் யுத்தம் வந்தபோது, நெடுந்தூரப் பாலைவனப் படையை அமைக்கும் பொறுப்பு அவரிடமே வந்தது.

அதே இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கர்கள் ஒரு விசித்திர வண்டியைச் செய்தார்கள். தண்ணீரில் படகாக மிதக்கும். கரை ஏறியதும் லாரியாக ஓடும். அதற்கு 'டக்' என்று செல்லப் பெயர். கடல் நீரிலிருந்து ஈர மணலில் ஏறி, மணலைத் தாண்டிக் கெட்டி ரோட்டில் ஓடவேண்டிய வண்டி அது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு காற்று வேண்டுமே! அதற்காக டிரைவர் தம் ஆசனத்தில் இருந்தபடியே டயர்களில் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி செய்தார்கள். 1943-ல் சிசிலியிலும், 1944-ல் நார்மண்டியிலும் இறங்கிய படைகளுக்கு இந்த வண்டிகள் பெரும் துணையாக இருந்தன. ஆகவே, வண்டியிலேயே கம்ப்ரஸர் வைப்பது இன்று முளைத்த பணக்கார விளையாட்டல்ல. எண்பது ஆண்டு அனுபவம் அதற்குப் பின்னால் நிற்கிறது.

இறக்குவது எளிது; ஏற்றுவது?

காற்றை இறக்க ஒரு குச்சி போதும். திரும்ப ஏற்றுவதில்தான் சங்கடம். பெரிய டயர் ஒன்றுக்குள் சுமார் 60 லிட்டர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 16 பவுண்டிலிருந்து 32 பவுண்டுக்கு ஏற்ற, வெளிக் காற்று சுமார் 65 லிட்டர் உள்ளே போகவேண்டும். ஒரு மிதிக்குக் கால் லிட்டரோ, அதற்குக் கொஞ்சம் மேலோ தள்ளும் கால் பம்பானால் ஒரு டயருக்கு இருநூறு மிதிக்கு மேல் ஆகும். நான்கு டயருக்கு எண்ணூறு, ஆயிரம்! உச்சி வெயிலில், குடும்பத்தை நிழல் இல்லாத இடத்தில் நிறுத்திவிட்டு இதைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும்?

ஆகவே மனிதன் இரண்டில் ஒன்று செய்கிறான். காற்றைக் குறைக்காமலே மணலில் இறங்கிப் புதைகிறான். அல்லது, "அடுத்த பஞ்சர் கடையில் அடித்துக்கொள்வோம்" என்று குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் ஏறிப் பறக்கிறான். முதல் தவறுக்குத் தண்டனை ஒரு கயிறும், இழுக்க ஒரு டிராக்டரும். இரண்டாவது தவறுக்குத் தண்டனை மிகக் கொடியது.

முப்பது அங்குல விட்டமுள்ள டயர் ஒரு கிலோமீட்டருக்கு நானூறு தடவைக்கு மேல் சுற்றுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்தில் முப்பதாயிரம் சுற்றுகளைத் தாண்டிவிடும். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை முப்பதாயிரம் தடவை வளைத்து நிமிர்த்தினால் என்ன ஆகும்? சூடேறும், பிறகு ஒடியும். டயருக்கும் அதே கதிதான்.

இது கற்பனைப் பயமல்ல. அமெரிக்காவில் போர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற ஜீப் வகை வண்டிகளில் டயரின் மேல் பட்டை உரிந்து, வண்டி குப்புறக் கவிழும் விபத்துகள் அடுக்கடுக்காக நடந்தன. 2000-ம் ஆண்டு ஆகஸ்டில் பயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. அந்த டயர்களோடு தொடர்புள்ள மரணங்கள் 270-க்கு மேல் என்று அந்நாட்டு அரசு கணக்கிட்டது. டயரின் அமைப்பு, வெயில், பாரம், வேகம் என்று காரணங்கள் பல. காற்றழுத்தம் குறைவாக இருந்ததும் அவற்றில் ஒன்றாகப் பேசப்பட்டது. அதே ஆண்டில் புதுச் சட்டம் வந்தது. அதன் பயனாக, 2007 செப்டம்பர் முதல் அங்கே தயாராகும் கார்களில் காற்றுக் குறைவைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு கட்டாயமாயிற்று.

விளக்கு எச்சரிக்கும், காற்று அடித்துத் தராது! மணலை விட்டு ரோட்டில் ஏறும் இடத்திலேயே, பத்து நிமிஷத்தில் நான்கு டயர்களையும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிந்தால்தான் மனிதன் சோம்பாமல் அதைச் செய்வான். கம்ப்ரஸர் தரும் உண்மையான லாபம் இதுதான். அது நம் சோம்பலுக்கு மருந்து.

பொருத்துவதில் ஜாக்கிரதை

கம்ப்ரஸரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று எஞ்சினின் பெல்ட்டில் ஓடுவது. காற்றை வாரி வழங்கும். ஆனால் பொருத்துவது பெரிய வேலை. மற்றது பாட்டரியில் ஓடும் மின்சாரக் கம்ப்ரஸர். சாதாரண மனிதனுக்கு இதுவே போதும்.

ஆனால் இதைச் சின்னச் சாமான் என்று எண்ணிவிடக்கூடாது. 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் இழுக்கும் கம்ப்ரஸர் 360 வாட் சாப்பிடுகிறது. 60 வாட் ஹெட்லைட் பல்புகள் ஆறை ஒன்றாக எரிப்பதற்குச் சமம். சிகரெட் லைட்டர் துளையில் செருகி ஓட்டினால் ப்யூஸ் போகும். ப்யூஸை மாற்றித் தடித்த கம்பி போட்டால் ஒயர் தீப்பற்றும். பாட்டரியிலிருந்து தனியே தடித்த ஒயர். பாட்டரிக்கு மிக அருகிலேயே ஒரு ப்யூஸ். ஸ்விட்சுக்குப் பாரம் தராமல் ஒரு ரிலே. இந்த மூன்றும் இல்லாமல் பட்டறைக்காரர் வேலையை முடித்துக் கொடுத்தால், வாங்கிக்கொள்ளாதீர்கள். கம்ப்ரஸர் ஓடும்போது எஞ்சினும் ஓடட்டும். இல்லையேல் டயரில் காற்று ஏறும், பாட்டரியில் உயிர் இறங்கும்.

வைக்கும் இடமும் முக்கியம். தண்ணீரும் சேறும் எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும். சைலன்ஸர் குழாயின் சூட்டிலிருந்து தள்ளியிருக்கவேண்டும். காற்று இழுக்கும் வாயில் தூசி வடிகட்டி வேண்டும். அழுத்தப்பட்ட காற்று கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். ஆதலால் கம்ப்ரஸரை ஒட்டிய குழாய் சூடு தாங்குவதாக இருக்கவேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் குழாய் அங்கே இளகிவிடும். காற்றுத் தொட்டி வைத்தால் அதில் ஒரு பாதுகாப்பு வால்வும், அடியில் தேங்கும் நீரை வடிக்க ஒரு திருகும் கட்டாயம். லடாக் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரத்தில் காற்று நம் ஊர்க் காற்றில் மூன்றில் இரண்டு பங்கு அடர்த்திதான். அங்கே கம்ப்ரஸருக்கும் மூச்சு வாங்கும். அதிக நேரம் எடுக்கும்.

கம்ப்ரஸர் வந்ததும் சிலருக்கு வேறொரு ஆசை பிறக்கிறது. அதில் ஒரு காற்று ஹாரனை மாட்டி, ஊரையே எழுப்பவேண்டும் என்ற ஆசை! பல ராகம் பாடும் ஹாரனையும், காதைத் துளைக்கும் ஹாரனையும் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் தடுக்கின்றன. சட்டம் கிடக்கட்டும், பாலத்தோரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தாய் பதறி விழுந்தால், அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? உதவிக்கு வைத்த கருவியை உபத்திரவத்துக்கு உபயோகிக்கலாகாது.

கம்பளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?

இனிக் கம்பளத்துக்கு வருவோம். கம்பளத்துக்கு நான் விரோதியல்ல. அது எஞ்சின் சூட்டைத் தடுக்கிறது; இரைச்சலைக் குறைக்கிறது; பின்சீட்டில் உட்காரும் தாத்தா பாட்டிக்குக் காலுக்கு இதமாக இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் கம்பளத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும், யாரிடமும் சொல்லாது.

ஜீப் வகை வண்டி நனையவே பிறந்தது. ஓடையைக் கடக்கும், மழையில் கதவு திறக்கும், சேற்றுக் காலோடு ஆள் ஏறுவான். இது தெரிந்துதான் 2020-ல் வந்த மஹிந்திராவின் புதிய தார் வண்டியில் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும்படி அமைத்து, நீர் வடிய அடைப்பான் உள்ள துளைகளும் வைத்தார்கள். அந்தத் துளைகளின் மேலேயே கம்பளத்தை ஒட்டி மூடுவது, வீட்டு முற்றத்தில் ஜலதாரையை அடைத்துவிட்டு ரத்தினக் கம்பளம் விரிப்பது போலத்தான்.

என் நண்பர் ஒருவர் பழைய ஜீப் வாங்கி, அழகான கம்பளம் போட்டார். ஒரு மழைக்காலம் போயிற்று. வண்டியில் புழுங்கல் வாடை. ஊதுபத்தி வைத்துப் பார்த்தார். வாசனைப் புட்டி மாட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு மெக்கானிக் கம்பளத்தைத் தூக்கி, ஸ்குரூ டிரைவரால் தரையைத் தட்டினார். ஸ்குரூ டிரைவர் தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விட்டது. "சார், கம்பளத்தை எடுத்தால் நீங்கள் ரோட்டைப் பார்க்கலாம்" என்றார் மெக்கானிக். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சீட்டும் சீட் பெல்ட்டும் அந்தத் தரையில்தானே முடுக்கப்பட்டிருக்கின்றன? மோதல் நேரும்போது அந்தத் தகடு கைவிட்டால், பெல்ட் போட்டும் பயனில்லை.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும். சீட்டுகளைக் கழற்றுங்கள். பழைய விரிப்பை உரியுங்கள். கம்பி பிரஷால் துருவைச் சுரண்டுங்கள். ஓட்டை இருந்தால் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள். ஓட்டையின் மேல் தாரைப் பூசி மறைப்பது வைத்தியமல்ல, வஞ்சனை. பிறகு துருத் தடுக்கும் பிரைமர், அதன்மேல் பெயின்ட். இரண்டும் நன்றாகக் காயவேண்டும். கம்பளத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் சணல் மெத்தை வேண்டாம். நீர் குடிக்காத ரப்பர் நுரைத் தகடு போடுங்கள். கம்பளத்தை ஒரேயடியாகப் பசை போட்டு ஒட்டாமல், கழற்றி வெயிலில் உலர்த்தும்படி துண்டுகளாக அமையுங்கள். சீட், பெல்ட் போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முடுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

கம்ப்ரஸருக்கான ஒயர் உள்ளே போகவேண்டியிருந்தால், இந்தத் தரை திறந்திருக்கும் நாளில்தான் போகவேண்டும். தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டு, ஒயரின் மேல் உறை மாட்டி, கால் படாத ஓரமாகக் கொண்டுபோகவேண்டும். கம்பளத்தை முதலில் போட்டுவிட்டு, பிறகு அதன் கீழே ஒயரைத் திணித்தால், மிதிபட்டு மிதிபட்டு ஒரு நாள் உறை தேயும். நுரைக்கும் நூலுக்கும் நடுவில் பொறி பறக்கும். இரண்டு வேலைகளையும் ஒரே சமயத்தில், சரியான வரிசையில் செய்யவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு விரிப்பு வாங்கிய நான்கு உயிர்கள்

கம்பளத்தின் மேல் போடும் மிதியடி விரிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். 2009 ஆகஸ்டு 28-ம் தேதி, அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்துக்கு அருகே ஒரு கார் மணிக்கு நூறு மைலுக்கு மேல் தறிகெட்டு ஓடி விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த நான்கு பேரும் மாண்டார்கள். ஓட்டியவர் புதியவரல்ல, நெடுஞ்சாலைப் போலீஸ் அதிகாரி. காரணம் என்ன? வேறு மாடல் வண்டிக்கான தடித்த ரப்பர் விரிப்பை அந்தக் காரில் போட்டிருந்தார்கள். அது நழுவி ஆக்ஸிலேட்டர் மிதியைப் பிடித்துக்கொண்டது. அடுத்த மாதமே டொயோட்டா கம்பெனி சுமார் 38 லட்சம் வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு, டிரைவர் பக்கத்து விரிப்பை எடுத்துவிடும்படி எச்சரித்தது.

ஆகவே, டிரைவர் காலடியில் தடிமன் கூடாது, மடிப்பு கூடாது, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விரிப்பும் கூடாது. அந்த வண்டிக்கென்றே வெட்டியதாக, கொக்கியில் மாட்டி நகராததாக இருக்கவேண்டும். வேலை முடிந்ததும் மூன்று மிதிகளையும் கையால் கடைசிவரை அழுத்தி, தானாகத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியை வாங்கவேண்டும்.

சிலர் கேட்கலாம்

"நான் தார் ரோட்டை விட்டு இறங்குவதே இல்லை, எனக்கும் கம்ப்ரஸரா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களுக்கு வண்டியில் பொருத்திய கம்ப்ரஸர் வேண்டியதில்லை. பையில் வைக்கும் சிறு பம்பும், நம்பகமான காற்று மீட்டரும் போதும். ஆனால் மாதம் இரண்டு தடவையாவது, காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பார்க்கவேண்டும். ஓடிச் சூடான டயர் மீட்டரில் அதிகம் காட்டி ஏமாற்றும்.

"கம்பளம் கண்ணுக்குத் தெரிகிறது, கம்ப்ரஸரும் பிரைமரும் யார் கண்ணுக்குத் தெரியும்?" என்று இன்னும் சிலர் மனத்துக்குள் கேட்பார்கள். வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது. பார்ப்பவர் மெச்சவேண்டும் என்று செலவழிக்கிறோம்; பயணம் செய்பவர் பிழைக்கவேண்டும் என்று செலவழிப்பதில்லை. பட்டறைக்காரர்களும் நாம் கேட்டதைத்தான் செய்கிறார்கள். நாம் தரைத் தகட்டைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால், அவர்களும் கம்பளத்தை ஒட்டுமுன் நம்மைக் கூப்பிட்டுக் காட்டத் தொடங்குவார்கள். "மூடுவதற்கு முன் எனக்குக் காட்டுங்கள்" என்ற ஒரே ஒரு நிபந்தனையை வண்டிச் சொந்தக்காரர்கள் எல்லோரும் விதித்தால் போதும். பாதிக் குறை தீர்ந்துவிடும்.

வண்டியில் ஏறுகிறவர்கள் நம் மனைவி மக்கள். நம் தாய் தகப்பன்மார். அவர்கள் காலுக்கு மெத்தென்று இருக்கட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், அவர்களைச் சுமக்கும் காற்று அளவாக இருக்கிறதா, அவர்களைத் தாங்கும் தகடு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். அதன்பின், விருப்பமான நிறத்தில் கம்பளம் போட்டுக்கொள்வோம்.